வருகிறார்களாம்

நான் எழுதிய ஒரு வாக்கியத்தால் ஒரு மனிதருடைய வலது உள்ளங்கை வெந்துபோனது. அப்போது நான் அவரிடமிருந்து நான்கடி தள்ளி, தோளில் மடிக்கணினிப் பையோடு நின்றிருந்தேன். வாயைத் திறந்திருந்தால் அது நடந்திருக்காது. திறக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுபத்தொரு வயதில் சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தகுதியில்லை.

கல்பாக்கம் அணுமின் நிலையத்தில், அணுபுரம் குடியிருப்பில் இருந்துகொண்டு முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன் நான். இயந்திரங்களின் பக்கமே போனதில்லை. என் வேலை முழுக்கக் காகிதத்தோடு. பாதுகாப்பு அறிவிப்புகளையும் கையேடுகளையும் தமிழில் எழுதிக்கொடுக்கும் வேலை. தொடக்கத்தில் எனக்கு மேலே இருந்த அதிகாரி, யார் பார்த்தார், எப்போது பார்த்தார் என்று சொல்லாத வாக்கியத்தைச் சிவப்பு மையால் அடித்துவிடுவார். ‘மாடிப்படி வழுக்குவதாகத் தெரிகிறது’ என்று ஒருமுறை எழுதினேன். ‘யாருக்குத் தெரிகிறது? வழுக்கி விழுந்தவருக்கா, உமக்கா?’ என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். ஓய்வு பெறும்வரை நான் அந்தக் கேள்வியை மறக்கவில்லை. பிறகுதான் மறந்தேன்.

ஓய்வுக்குப் பின் செங்கல்பட்டில் வீடு. எங்கள் தெருவிலேயே குடியிருந்த ஒரு பெண்மணி, கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலையை விட்டுவிட்டுக் கண்காணிப்புக் கேமரா விற்கும் தொழில் தொடங்கியிருந்தார். ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே அலுவலகம். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டி, கடலோரமாக இருக்கும் விடுதி, பண்ணை வீடு, கல்யாண மண்டபம், கடை கண்ணி என்று ஒன்று விடாமல் மின்னஞ்சல் முகவரி திரட்டி வைத்திருந்தார். எல்லோருக்கும் ஒரே கடிதம் அனுப்பினால் குப்பைக்குப் போகிறது, ஒவ்வொருவருக்கும் அவருக்கென்றே எழுதிய மாதிரி முதல் வரி இருந்தால் படிப்பார்கள், தமிழில் இருந்தால் இன்னும் படிப்பார்கள் என்பது அவர் கணக்கு. “நீங்க எழுதறவர்ங்க சார். நாலு மணி நேரம் வந்து உக்காந்தாப் போதும்” என்றார். பொழுது போகாமல் கிடந்தவனுக்கு அது கௌரவமாக இருந்தது.

முதல் இரண்டு வாரம் யோக்கியமாகத்தான் எழுதினேன். ஒவ்வோர் இடத்தின் படங்களையும் பார்த்து, அதற்கென்று ஒரு வரி. ஒரு விடுதிக்கு, ‘வாசலில் பழைய படகைப் பூந்தொட்டியாக மாற்றியிருப்பது அழகு’ என்று எழுதினேன். ‘படகு எங்களுடையது இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து போட்டிருக்கிறார், எடுக்கச் சொல்லுங்கள்’ என்று பதில் வந்தது. வந்த ஒரே பதில் அதுதான்.

கேமரா பொருத்துகிறவரும் விற்கிறவரும் ஒருவரே. முன்பு கேபிள் டிவி இழுத்துக்கொண்டிருந்த செங்கல்பட்டுக்காரர், நாற்பது வயதிருக்கும். என் திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இன்னா சார், பொண்ணு பாத்துட்டு வந்தவன் லெட்டர் மாரி எழுதிகினு கீறீங்க? அழகு கிழகுன்னு. பயம் காட்டுங்க சார். பயந்தவன்தான் கேமரா வாங்குவான்.”

அந்த அம்மாவும், “ஒரு நாளைக்கு எட்டு மெயில் போனா எப்படிங்க சார்? நானூறு இடம் இருக்குதுங்க” என்றார்.

அப்போதுதான் நான் அந்த வாக்கியத்தைச் செய்தேன். எழுதினேன் என்று சொல்லாமல் செய்தேன் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. கணக்கு அட்டவணையில் ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் இடம். வரைபடத்திலிருந்து அதற்கு மிக அருகில் இருக்கும் இன்னோர் இடத்தின் பெயரையும், அது எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் தானாக எடுத்துப் போடும்படி அந்த அம்மா ஏற்பாடு செய்து கொடுத்தார். மீதி என் பொறுப்பு. வெற்றிடம் விட்டு ஒரே ஒரு வாக்கியம். நானூறு இடத்திலும் அது பிழையில்லாமல் பொருந்த வேண்டும்.

ஆங்கிலத்தில் இது சுலபம். தமிழில் பெயரின் வாலில் எதையாவது ஒட்டினால் பெயரே உருமாறும். இல்லம் என்பது இல்லத்திலிருந்து என்றாகும், காடு காட்டிலிருந்து என்றாகும். இயந்திரம் அதை அறியாமல் ‘இல்லம்இலிருந்து’ என்று போட்டுவிடும். படிக்கிறவர் இது மொத்தமாக அடித்த கடிதம் என்று கண்டுபிடித்துவிடுவார். இரண்டு நாள் யோசித்து வழி கண்டுபிடித்தேன். பெயரைத் தொடாமல் பக்கத்தில் ‘பக்கமிருந்து’ என்று வைத்துவிட்டால் எந்தப் பெயரும் உருமாற வேண்டாம். திசைக்கும் அப்படியே. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு நான்கும் உகரத்தில் முடிகின்றன. நான்குக்கும் பின்னால் சுவர் வந்தால் அதே ‘ச்’ மிகும். கிழக்குச் சுவர், மேற்குச் சுவர். இதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட பெருமையை இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது. எவர் வளாகத்துக்குச் சுவர் இருக்கிறது, எவருக்கு இல்லை என்று நான் பார்க்கவில்லை. இலக்கணம் சரியாக இருந்தது.

‘உங்கள் மேற்குச் சுவர் வழியாக, இன்னார் பக்கமிருந்து ஆட்கள் வந்துபோகிறார்கள்.’ இதுதான் முதல் வடிவம். படித்துப் பார்த்தேன், உறுத்தியது. பச்சைப் பொய். பழைய அதிகாரியின் சிவப்பு மை ஞாபகம் வந்தது. அதற்காக வாக்கியத்தை நான் எடுத்துவிடவில்லை. கடைசியில் ‘ஆம்’ சேர்த்தேன். வந்துபோகிறார்களாம். இரண்டே எழுத்துதான். அது ஒட்டியதும் பொய் என்னுடையதாக இல்லாமல் போயிற்று. யாரோ சொன்னது, நான் கேட்டது, உங்களிடம் சொல்கிறேன், அவ்வளவுதான். யார் சொன்னது என்று நானூறு பேரில் ஒருவராவது கேட்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேபிள்காரர் சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டு, “இது சூப்பர் சார். எங்க ஆயா வந்து காதுல சொல்ற மாரியே கீது” என்றார்.

இரண்டு பிற்பகலில் நானூற்றுச் சொச்சமும் போய்விட்டன. பதில்கள் வரத் தொடங்கின. ‘வாங்க’, ‘விலை’, ‘போன்’ என்று ஏதாவது ஒரு சொல் இருக்கும் பதில்களும், ஒரே வரியில் முடிகிற பதில்களும் நேரே அந்த அம்மாவின் பார்வைக்குப் போகும். நீளமாக இருப்பவையெல்லாம் ‘மற்றவை’ என்ற பெட்டியில் விழும். நீளமாக எழுதுகிறவன் வாங்க மாட்டான் என்று சொன்னது நான்தான்.

வந்த பதில்களிலேயே எச்சரிக்கை இருந்தது. ஒரு மண்டபத்துக்காரர், ‘நீங்கள் சொன்னது உண்மை, இரண்டு நாய் வாங்கிக் கட்டிவிட்டோம், விலை அனுப்பவும்’ என்று எழுதினார். இன்னொருவர், சுவர்மேல் கண்ணாடிச் சில்லு பதித்ததாகவும், மறுநாளே எவனோ கையைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறான், ரத்தம் இருந்தது என்றும் சந்தோஷமாகத் தெரிவித்திருந்தார். அந்தக் கை பந்து எடுக்க வந்த கையா, பூப்பறிக்க வந்த கையா என்று நாங்கள் மூன்று பேரும் கேட்கவில்லை. அந்த அம்மா போண்டா வரவழைத்தார். சாப்பிட்டோம்.

பிறகு அந்த ஒரு வரிப் பதில் வந்தது. மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே போகும் மண் சாலையில், சவுக்குத் தோப்பை வெட்டி ஆறு குடில் கட்டி வார இறுதிக்கு வாடகைக்கு விடுகிறவர் எழுதியிருந்தார்.

‘யார் சொன்னது. நேரில் வா.’

“கண்டிப்பா ஆர்டர் இது” என்றார் கேபிள்காரர். “எழுதுனவரும் வரணும்னு போன்ல சொன்னாரு சார். வாங்க, ஒரு டீ குடிச்ச மாரி இருக்கும்.”

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குத் திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். நல்ல வெயில். குடில்களின் பின்னால் இரண்டு ஏசிகளின் வெளிப்பெட்டிகள் பிளந்து கிடந்தன. செம்புக் குழாயை அறுத்து எடுத்துப் போயிருந்தார்கள். ஐந்து நாளுக்கு முன் நடந்ததாம். எங்கள் கடிதம் அவருக்கு வந்தது அதற்கு மறுநாள். நானூறு பேரில் ஒருவருக்கு அப்படி நேர்வது அதிசயம் இல்லை. ஆனால் அந்த ஒருவருக்கு அது அதிசயமாகத்தான் இருக்கும்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டைப் பையில் என் கடிதத்தை அச்செடுத்து மடித்து வைத்திருந்தார். பக்கத்தில் இரண்டு ஆட்கள், ஒருவர் ஜீப் ஓட்டுகிறவர், இன்னொருவர் தோட்ட வேலைக்காரர்.

“எழுதுனது யாரு?”

“சார்தான் அண்ணாத்த” என்றார் கேபிள்காரர். “பெரிய படிப்பு. அணுபுரத்துல இருந்தவரு.”

“அணுபுரமா? அப்ப பொய் சொல்ல மாட்டாரு.” என்னைப் பார்த்தார். “எவன் சொன்னான் சார் உங்களாண்ட?”

நான் மேற்கே பார்த்தேன். அங்கே சுவரே இல்லை. நட்டு வைத்த சவுக்குக் கம்பங்கள், அவற்றின் குறுக்கே கம்பிகள், கம்பிகளில் வரிசை வரிசையாக வெள்ளைப் படுக்கை விரிப்புகள். அந்தப் பக்கம் தகரக் கொட்டகையில் ஒரு சலவையகம், கடிதத்தில் வந்து விழுந்திருந்த பெயர் அதனுடையதுதான். விடுதிகளின் துணியை வாங்கித் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுக்கிற இடம். என் வாக்கியத்தில் இருந்த மேற்குச் சுவர் எங்கேயும் இல்லை. ஏறிக் குதிக்க எதுவும் இல்லாத இடத்தில் ஆட்கள் ஏறிக் குதிப்பதாக நான் எழுதியிருந்தேன். எனக்கு அந்தக் கணமே எல்லாம் விளங்கிவிட்டது. இதை என்னால் மறுக்க முடியாது.

“அது வந்து…” என்று தொடங்கினேன்.

“அதெல்லாம் பேரு சொல்லக் கூடாது அண்ணாத்த” என்று கேபிள்காரர் குறுக்கே வந்தார். “சொன்னவன் மாட்டிக்குவான்ல? நம்முளுக்கு நாலு எடத்துல ஆளு கீது.”

“நீ சும்மா இரு. சாரு சொல்லட்டும். பேரு வாணாம். சொன்னாங்களா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு.”

என் தலை அசைந்தது. மேலும் கீழுமாக, ஒரே ஒரு தரம். அவர் கேட்டது யாராவது சொன்னார்களா என்று. என் பதில் ஆம். கடிதத்தில் வாலாக ஒட்டியிருந்ததும் அதே சொல்தான்.

அவர் விரிப்புகளை விலக்கிக்கொண்டு நடந்தார். இரண்டு ஆட்களும் பின்னால் போனார்கள். கம்பத்தோரம் கிடந்த சவுக்குக் கட்டை ஒன்றைத் தோட்டக்காரர் குனிந்து எடுத்ததைப் பார்த்தேன். போய் விசாரிப்பார்கள் என்று நினைத்தேன் என்று எழுத ஆசைதான். கட்டையைப் பார்த்த பிறகு அப்படி நினைத்திருக்க முடியாது.

சலவையகத்துக்காரருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மேசையில் குனிந்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து சிரித்தார்.

“வாங்கண்ணா! ஒங்க வூட்டு பெட்சீட்டுதான் போட்டுகினு கீறேன்.”

முதல் அறை அந்தச் சிரிப்பின்மேல் விழுந்தது. அவர் கீழே விழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, யாரோ ஆள் மாறி அடித்துவிட்டார்கள் என்பது போலப் பின்னால் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது அடி கட்டையால், முழங்காலின் பக்கவாட்டில். அந்தச் சத்தம் நான் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. விழுந்தார். ஜீப் ஓட்டுகிறவர் விலாவில் உதைத்தார். நிறுத்தி, செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, மறுபடி உதைத்தார்.

“ஒங்கப்பன் எங்க களத்துல நெல்லு தூத்துனவன். எங்க வூட்டு வாசப்படி ஏறுவானாடா அவன்? நீ சுவரு ஏறுறியா?”

“எந்தச் சுவருண்ணா?” வாயில் ரத்தத்தோடு அவர் கேட்டார். “சுவரே இல்லியேண்ணா இங்க!”

அங்கே இருந்த ஆறு பேரில் உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அதற்கும் அடி விழுந்தது. பின்பக்கத்திலிருந்து அவர் மனைவி ஈரக் கையோடு ஓடிவந்தார். தோட்டக்காரர் அவரை முடியைப் பிடித்துத் தூணோடு சேர்த்து நிறுத்தினார். அந்தப் பெண் என்னைப் பார்த்துத்தான் கத்தினார். வயதானவன், கண்ணாடி போட்டவன், கையில் எதுவும் இல்லாதவன். “பெரியவரே, சொல்லுங்க, நிறுத்தச் சொல்லுங்க!” என்றார். நான் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மேசையில் இஸ்திரிப் பெட்டி நிமிர்ந்து நின்றது. கடைகளில் இருக்கும் பெரிய கரண்டுப் பெட்டி, நீராவி வந்துகொண்டிருந்தது. குடில்காரர் அதை எடுத்தார். ஜீப் ஓட்டுகிறவர் சலவையகத்துக்காரரைத் தூக்கி, வலது கையை மேசைமேல் விரித்துப் பிடித்தார்.

“செம்ப எங்க வச்சிகீற?”

“தெரியாதுண்ணா. சத்தியமா தெரியாதுண்ணா.”

பெட்டி இறங்கியது. மனிதக் குரலில் அப்படி ஓர் ஓசை உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. துணி கருகும் வாடை வந்தது. பிறகு துணி அல்லாத வாடை. பெட்டியைத் தூக்கியபோது உள்ளங்கையின் தோல் அதோடு எழுந்து வந்தது. விரல்கள் தாமாக மூடப் பார்த்தன, மூட முடியவில்லை.

“நீதானே?”

“ஆமாண்ணா.”

“சத்தமா!”

“ஆமாண்ணா, ஆமாண்ணா, நான்தான், நான்தான் எடுத்தேன்.”

தோட்டக்காரர் ஒரு கையால் அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் போனில் படம் எடுத்தார். எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார்கள். கிணற்றில் என்றார். ஒருவர் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றுமில்லை என்றார். மறுபடியும் அடித்தார்கள். தோப்பில் புதைத்தேன் என்றார். அடிக்கிறவர்களுக்கு வேண்டிய விடையைத் தேடித் தேடி, ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி இரண்டாவது தரம் இறங்கியபோது நான் கண்ணை மூடினேன். காது மூடவில்லை.

“சார், வண்டில ஏறுங்க” என்று கேபிள்காரர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். ஏறினேன். யாரும் எங்களைத் தடுக்கவில்லை. மாமல்லபுரம் திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஓரமாக வாந்தியெடுத்தார். பாட்டில் தண்ணீரால் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“இன்னா சார் இப்டி பண்ட்டானுங்க, மனுசனுங்களா இவனுங்க!” வண்டியைக் கிளப்பினார். “நீங்க ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் சொல்லல. புரியுதா சார்?”

திருக்கழுக்குன்றம் வருவதற்குள் குடில்காரரிடமிருந்து போன் வந்தது. எட்டு கேமரா வேண்டும் என்றார்.

அடுத்த ஐந்து நாள் நான் என்ன செய்தேன் என்று எழுதுவதுதான் கஷ்டம். காரணம், வழக்கமாகச் செய்வதையே செய்தேன். சாப்பிட்டேன், நடக்கப் போனேன், அலுவலகம் போனேன். அடிபட்டவரைச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றும், அவர்மேல் திருட்டுப் புகார் கொடுக்கப்பட்டிருக்கிறது என்றும், அதோடு போன் படத்தையும் எங்கள் கடிதத்தையும் இணைத்திருக்கிறார்கள் என்றும் கேபிள்காரர் வந்து சொன்னார். அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“நம்ம மெயில்ல அவர் பேர் இல்லீங்களே சார்?”

“பெயர் இல்லை. சலவையகத்தின் பெயர் இருக்கிறது.”

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, “அந்த வரியை அழிச்சிடுங்க சார். எல்லா வரிசையிலும்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார். பயந்தவர்கள் என்ன செய்வார்கள் என்பதை வைத்துத்தானே நாங்கள் தொழில் செய்துகொண்டிருந்தோம்.

அழிக்க உட்கார்ந்தேன். சலவையகத்தின் பெயரைப் போட்டுத் தேடினேன். இரண்டு இடத்தில் வந்தது. ஒன்று, குடில்காரர் வரிசையில் பக்கத்து இடமாக. மற்றொன்று, தனி வரிசையாக. சலவையகங்களும் எங்கள் பட்டியலில் இருந்தன. அவருக்கும் கடிதம் போயிருந்தது. ‘உங்கள் கிழக்குச் சுவர் வழியாக, குடில்கள் பக்கமிருந்து ஆட்கள் வந்துபோகிறார்களாம்.’ ஒரே நாளில், ஒரே நிமிடத்தில், இரண்டு பேருக்கும் மற்றவரைக் காட்டிக்கொடுத்திருந்தேன்.

பிறகு ‘மற்றவை’ பெட்டியைத் திறந்தேன். அவருடைய பதில் அங்கே இருந்தது. நாங்கள் தோப்புக்குப் போவதற்கு மூன்று நாள் முன்பே வந்தது. யாரும் திறக்கவில்லை. அச்செடுத்து வைத்திருக்கிறேன், அப்படியே தருகிறேன்.

‘ஐயா, வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் கிழக்குப் பக்கம் சுவர் ஏதும் இல்லை, துணி காயப்போடும் கம்பிதான் உள்ளது. அந்தப் பக்கம் இருப்பவர் எங்களுக்கு வேலை கொடுப்பவர். அவருடைய ஆட்கள் அப்படிச் செய்யக்கூடியவர்கள் அல்லர். யாரோ தங்களிடம் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். வேறு யாருக்கும் இப்படி எழுதும் முன் நேரில் விசாரித்துக்கொள்ளவும். வீண் சண்டை வந்துவிடும்.’

அல்லர். என் வேலைக்காலம் முழுக்க, ‘அவர்கள் அல்ல’ என்று எழுதி வந்தவர்களைத் திருத்திக்கொண்டிருந்தவன் நான். நான் செய்திருக்க வேண்டிய காரியத்தை, என் மொழியில், என்னைவிட நன்றாக ஒருவர் எழுதி அனுப்பியிருக்கிறார். அது நீளமாக இருந்தது. அதனால் நான் படிக்கவில்லை.

நான் எதையும் அழிக்கவில்லை. அட்டவணையையும் கடிதங்களையும் அச்செடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். வார்டு வராந்தாவில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பிளாஸ்திரி. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“அன்னிக்கு பைய மாட்டிகினு நின்னுகினு இருந்த ஆளு தானே நீ?”

“ஆமாம்மா.”

“இன்னா பாக்க வந்த? மிச்சம் கீதான்னா?”

நான் காகிதங்களை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. உள்ளேயிருந்து கணவரின் குரல் வந்தது. “யாரு? உள்ள வுடு.”

வலது கை முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது. ஒரு கண் திறக்கவில்லை. நான் யார் என்று சொன்னேன். நான் மன்னிப்புக் கேட்கும்வரை அவர் காத்திருக்கவில்லை.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். யாரு சொன்னது உங்களுக்கு? ஆறு நாளா ஊர்ல ஒவ்வொரு மூஞ்சியா நெனச்சிப் பாத்துகினு கீறேன். எனக்கு யாரு சார் எதிரி?”

“யாரும் சொல்லவில்லை” என்றேன். அட்டவணையைக் காட்டி விளக்கினேன். பெயர் வந்து விழும் இடம், திசை வந்து விழும் இடம், கடைசியில் நான் சேர்த்த ‘ஆம்’. எல்லாருக்கும் ஒரே வாக்கியம். கட்டுப் போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் கவனமாகக் கேட்டார்.

“அப்ப எனக்கு வந்ததும் இதேதானா?”

“இதேதான்.”

“நானு பதில் போட்டேனே சார். பாக்கலியா?”

“பார்க்கவில்லை.”

தலையணையில் சாய்ந்துகொண்டார். “நானும் அவரு மாரி நம்பி, கட்டையத் தூக்கிகினு அவரு வூட்டாண்ட போயிருந்தா இன்னா ஆயிருக்கும்? எங்க தெருவையே கொளுத்தியிருப்பானுங்க. நானு நம்பல. அதான் கையோட போச்சி.”

நான் மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தேன். அவர் மனைவி கதவோரத்திலிருந்து, “அத்த இங்க கொட்டாத” என்றார். “திருடன்னு எழுதி வச்சிகீறானுங்க. கையி ஆறிப்பூடும். அது ஆறுமா? போலீஸ் ஸ்டேசனுக்குப் போ. போயி நீ பொய் சொன்னேன்னு சொல்லு. அன்னிக்கு தொறக்காத வாய இன்னிக்குத் தொற.”

அன்று மத்தியானமே போனேன். கேபிள்காரரைக் கூப்பிட்டேன், தனக்கு எதுவும் ஞாபகம் இல்லை என்று போனை வைத்துவிட்டார். காவல் நிலையத்தில் ரைட்டர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், பொறுமையாகக் கேட்டார். பழைய காகிதக் கட்டு ஒன்றை எடுத்து விரித்தார். திருட்டை ஒப்புக்கொண்டதாக ஒரு வாக்குமூலம். அடியில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இடது பெருவிரல் ரேகை.

“படிக்காதவன்னு போட்டிருக்கே” என்றார்.

“பி.காம். படித்தவர். கை வெந்துவிட்டதால் ரேகை வைத்திருக்கிறார்.” அவருடைய பதில் கடிதத்தை எடுத்து முன்னால் வைத்தேன். ரைட்டர் அதை இரண்டு தரம் படித்தார்.

பிறகு என் வாக்குமூலத்தை எழுதத் தொடங்கினார். இதனால் குடில்காரர் மாட்டிக்கொள்வார், நானும் மாட்டிக்கொள்ளலாம், அந்த அம்மாவின் தொழில் போய்விடலாம் என்று இடையில் எழுதுவதை நிறுத்தி எச்சரித்தார். தெரியும் என்றேன். முடித்ததும் எனக்குப் படித்துக் காட்டினார்.

“மேற்படி கடிதத்தை இவர் கணினியில் தயாரித்தாராம். தகவல் கொடுத்தவர் எவரும் இல்லையாம். சம்பவ இடத்தில் கேட்டபோது, தகவல் உண்டு என்று தலையசைத்தாராம்…”

“ஐயா, அந்த ‘ஆம்’ எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.”

“எழுத்து நடைங்க சார் அது. எல்லாருக்கும் இப்டித்தான் எழுதுவோம்.”

“எடுத்துவிடுங்கள்” என்றேன். “தயாரித்தேன். தகவல் கொடுத்தவர் எவரும் இல்லை. தலையசைத்தேன். அப்படி எழுதுங்கள்.”

அவர் புதுத் தாளை எடுத்தார். முழுவதையும் மறுபடி எழுதினார். நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சரிபார்த்தேன். யார் செய்தார், எப்போது செய்தார் என்று எல்லாவற்றிலும் இருந்தது. கையெழுத்துப் போட என் வலது கையை மேசைமேல் வைத்தேன். விரல்கள் ஐந்தும் மடங்கின, பேனாவைப் பிடித்தன. அந்த ரேகைக்கு எதிரே கையெழுத்துப் போட்டேன்.

திருட்டுப் புகார் விழுந்துவிட்டது. குடில்காரரும் இரண்டு ஆட்களும் உள்ளே போய் ஜாமீனில் வந்திருக்கிறார்கள். வழக்கு நடக்கிறது, நான் சாட்சி. சலவையகத்தில் இப்போது மனைவிதான் இஸ்திரி போடுகிறார். கணவருக்கு நடுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. வாய்தா நாட்களில் நீதிமன்ற வாசலில் பார்க்கிறேன். என்னோடு பேசுவதில்லை. போன தரம் வருகைப் பதிவில் கையெழுத்துக் கேட்டபோது, பேனாவை இடது கையில் வாங்கி, எழுத்தெழுத்தாக, முழுப் பெயரையும் எழுதினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் அவசரப்படவில்லை. எழுதி முடிக்கும் வரை நான் காத்திருந்தேன்.